வெண்ணெய் திரளாத மார்கழி: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் இட்லி மாவையும் ஊறுகாயையும் பற்றிக் கேட்பவர்கள், புல்வெளியில் உறைபனி விழத் தொடங்கியதும் தயிர் உறையவில்லை, வெண்ணெய் திரளவில்லை, நெய் கசக்கிறது என்று எழுதுகிறார்கள். இம்முறை வந்தவற்றில் வெண்ணெய் தொடர்பான கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊறுகாய்க்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி உதகைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. அம்மா செய்வதைப் போலவே ஒரு வாரத்துப் பாலாடையைச் சேர்த்து, உறை ஊற்றி, மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு அடிக்கிறேன். நுரைத்துப் பொங்குகிறதே தவிர வெண்ணெய் திரள்வதில்லை. எனக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.
– உதகை வாசகி

பதில்: கைராசிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, வில்லங்கம் அந்த ஐஸ் தண்ணீரில்தான் இருக்கிறது. நானும் காவிரிக்கரையிலிருந்து குன்னூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் உங்கள் நிலை எனக்கு நன்றாகவே புரிகிறது. வந்த முதல் மார்கழியில், மாமியாருக்கு உதவியாக இருக்கட்டும் என்று தயிர்ப் பானையை இழுத்து வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி அதில் இரண்டு செம்பு குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கடையத் தொடங்கினேன். தோள் வலிக்கும்வரை மத்தை இழுத்தும் பானை நிறைய நுரைதான் ஏறி நின்றது. பின்கட்டிலிருந்து வந்த மாமியார் ஒன்றும் பேசாமல் பானையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிறைந்த அகலப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, பானையை அதில் இறக்கி, மெதுவாகக் கலக்கிக்கொண்டே ஐந்து நிமிடம் வைத்திருந்தார். பிறகு, “இப்போது கடைந்து பாரம்மா” என்றார். நாலைந்து நிமிடங்களுக்குள் மத்தின் இதழ்களில் சின்னச் சின்ன மணிகள் ஒட்டத் தொடங்கிவிட்டன.

நடந்தது இதுதான். பாலில் உள்ள கொழுப்பு, மெல்லிய உறை போர்த்திய மிக நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. கடையும்போது அந்த உறை கிழிந்து, உள்ளே இருக்கும் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்வதைத்தான் நாம் திரள்வது என்கிறோம். ஒட்ட வேண்டுமானால் கொழுப்பு பாதி இறுகியும் பாதி இளகியும் இருக்க வேண்டும். ஏறத்தாழ 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில்தான் அந்தப் பதம் அமைகிறது. தஞ்சாவூரில் சித்திரை மாதத்துச் சமையலறை 35 டிகிரியைத் தொட்டு நிற்கும். அங்கே கொழுப்பு எண்ணெயாகவே உருகிக் கிடப்பதால், அதை இறுக்குவதற்கு ஐஸ் தண்ணீர் தேவைப்படுகிறது. உதகையிலோ ஃபிரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்த ஆடை, மார்கழிக் காலையில் மேடைமேல் வைத்திருந்தாலும் சூடேறுவதில்லை. அதில் ஐஸையும் சேர்த்தால் கொழுப்பு கல்லாக இறுகிவிடுகிறது. கல்லும் கல்லும் மோதுமேயன்றி ஒட்டாது. காற்றுதான் உள்ளே புகுந்து நுரையாகிறது. அம்மாவின் முறையில் பிழை இல்லை. அது அவருடைய ஊரின் வெயிலுக்கு ஏற்பட்ட முறை.

ஆகவே, உறை ஊற்றிப் புளித்த ஆடையை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி, விரலை விட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் விரல் விறைக்கக் கூடாது என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் சூடேறினாலும் கெடுதிதான். வெண்ணெய் பிசுபிசுத்துப்போய், பாதி மோரோடு போய்விடும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் அது கெட்டியாகி, மிக்ஸி திணறுவதுபோல் முனகும். சற்று நேரத்தில் மேற்பரப்பு ரவையைத் தூவியதுபோல் சொரசொரப்பாகும். உடனே முனகல் நின்று, ஜாருக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். இப்போது உங்கள் அம்மாவின் குளிர்ந்த தண்ணீருக்கு வேலை வருகிறது: மோரை வடித்துவிட்டு, குழாய்த் தண்ணீரை விட்டு மூன்று முறை, கழுவிய நீர் தெளியும்வரை அலசுங்கள். மோர் தங்கிய வெண்ணெய் நான்கு நாளில் நாற்றமெடுக்கும். அலசிய வெண்ணெய் அதைவிடப் பல நாள் தாங்கும்.

கேள்வி: பாக்கெட் பாலில் ஆடையே படிவதில்லை. படிந்த கொஞ்ச ஆடையைப் பத்துப் பதினைந்து நாள் சேர்த்துக் கடைந்தால் வெண்ணெய் கசக்கிறது. பேசாமல் கடையிலேயே வாங்கிவிடலாமா?
– குன்னூர் வாசகி

பதில்: வாங்குவதில் தவறொன்றும் இல்லை, ஆனால் கசப்புக்கான காரணத்தைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலப் பாக்கெட்டை வாங்கிவிட்டு ஆடை இல்லையே என்று வருந்துவது, விதைக்காத பாத்தியில் கீரை தேடுவதைப் போன்றது. பச்சைப் பாக்கெட் பால் ஒரு லிட்டரில் உள்ள கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுத்தால்கூட ஏறத்தாழ 60 கிராம் வெண்ணெய்க்குமேல் வராது. நாம் ஆடையாக எடுப்பது அதில் ஒரு பகுதிதான். பாலை நன்றாகக் காய்ச்சி, அடுப்பைச் சிறிதாக்கிப் பத்து நிமிடம் விட்டு, மூடாமல் ஆறவைத்து, ஆறிய பின் ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் ஆடை தடிமனாகப் படியும். கொழுப்புருண்டைகளைப் பொடித்துப் பாலோடு ஒன்றாகக் கலந்துவிட்ட வகைப் பாலாக இருந்தால், என்ன செய்தாலும் தடிமனான ஆடை வராது; அதைக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கசப்புக்கு வருவோம். ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடிய கிருமிகள் உண்டு. புளிக்காத ஆடையில் அவை பத்து நாளில் வேலையைக் காட்டிவிடும். முதல் நாள் ஆடையை எடுக்கும்போதே அதில் இரண்டு தேக்கரண்டி நல்ல தயிரைக் கலந்துவிட்டு, அதன்மேல் அடுத்தடுத்த நாள் ஆடையைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். தயிரின் புளிப்பு மற்றவற்றை அண்டவிடாது. அப்படிச் சேர்த்தாலும் ஒரு வாரத்துக்குமேல் போகவிடாதீர்கள்.

கேள்வி: பாட்டி நெய் உருக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவார். இங்கே குளிரில் முருங்கை வளர்வதில்லை. கீரை இல்லாமல் நான் உருக்கும் நெய் ஒருமுறை பச்சை வாடை அடிக்கிறது, மறுமுறை கருகிவிடுகிறது. கீரையில் அப்படி என்ன இருக்கிறது?
– கோத்தகிரி வாசகி

பதில்: மணம் இருக்கிறது, அதைவிட முக்கியமாக, ஒரு கடிகாரம் இருக்கிறது. கடை வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம்வரை தண்ணீர், மீதி பாலின் திடப்பொருள்கள். வீட்டு வெண்ணெயில் தண்ணீர் இன்னும் கூடுதலாக இருக்கும். அந்தத் தண்ணீர் தீரும்வரை பாத்திரத்தின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்த பிறகுதான் சூடு மடமடவென்று ஏறி, அடியில் தங்கிய திடப்பொருள்கள் சிவந்து, நெய்க்கு மணம் வருகிறது. கீரை மொறுமொறுப்பாகிவிட்டதென்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். பாட்டி கீரையை எடுத்துக் கிள்ளிப் பார்ப்பார். அது பொடிந்தால் அடுப்பை அணைத்துவிடுவார். கறிவேப்பிலைக் கொத்தோ கிள்ளிய வெற்றிலையோ அதே வேலையைச் செய்யும்.

இலையே இல்லாவிட்டாலும் காது இருக்கிறது. அடி கனத்த பாத்திரத்தில் வெண்ணெயைப் போட்டுச் சிறு தீயில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். உதகை, கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 92 முதல் 94 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால், கீழ்நாட்டைவிடச் சீக்கிரமாகவே கொதி வந்து பொங்குகிறது. அதைப் பார்த்து ஆகிவிட்டதென்று அணைப்பவர்கள்தாம் பச்சை வாடை நெய்யைப் பெறுகிறார்கள். முதலில் வெள்ளையாகப் பெரிய குமிழிகள் எழும்பிச் சடசடவென்று சத்தம் வரும். பிறகு சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, மழை விட்ட பின் ஓட்டிலிருந்து சொட்டுவதுபோல் ஒன்றிரண்டாகும். மேலே நுரை விலகி, அடி தெரியும்படி நெய் தெளியும். கசடு தேன் நிறத்துக்கு வந்திருக்கும். உடனே அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூடே மீதிச் சிவப்பைக் கொண்டுவந்துவிடும். தேன் நிறத்துக்குப் பதில் காப்பி நிறம் வந்த பின் அணைத்தால், இறக்கிய பிறகு அது கருகும்.

மணல் மணலாக நெய் வேண்டுமானால் அது மெதுவாக ஆற வேண்டும். மலைக் குளிரில் சன்னலோரம் வைத்தால் மெழுகுபோல் ஒரே கட்டியாக உறைந்துவிடுகிறது. வடிகட்டிய நெய்யை அடுப்புமேடையின் கதகதப்பிலேயே, ஒரு துணியைச் சுற்றி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அடியில் தங்கிய கசடை யாரும் கொட்டிவிடாதீர்கள். உருக்கிய பாத்திரத்திலேயே சூடான சோற்றைப் போட்டு, உப்பும் மிளகுப் பொடியும் தூவிப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உருண்டை உருண்டையாகக் கையில் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கடைசி உருண்டை உருக்கியவருக்கு. இந்த விதியை மட்டும் என் மாமியார் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

கேள்வி: கொடைக்கானல் பட்டர் பீன்ஸில் வெண்ணெய்ச் சத்து உண்டா? கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதால் கேட்கிறேன்.
– திண்டுக்கல் வாசகர்

பதில்: இல்லை. வெந்த பருப்பு நாக்கில் மசியும் விதத்துக்காக ஏற்பட்ட பெயர் அது. கொழுப்பு அதில் பெயரளவுக்குத்தான். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் என்ற வெண்ணெய்ப்பழம் அப்படியல்ல. அதன் சதையில் ஏறக்குறைய 15 சதவீதம் கொழுப்பு உண்டு. பீன்ஸின்மேல் நாமாகப் போடும் வெண்ணெயைத் தனியாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து மாற்றலாகி வந்து, ஒரு படுகர் ஹட்டியில் (சிற்றூரில்) வாடகைக்குக் குடியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மா ஒரு பாத்திரத்தில் ராகிக் களியும், நடுவே குழித்து நெய்யும், உடன் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்தனுப்பினார். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. என்ன செய்து அனுப்பலாம்? அந்தக் களியை நானும் செய்து பார்க்க விரும்புகிறேன்.
– கோத்தகிரி அருகிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: உங்களுக்கு வந்த குழம்பை அவர்கள் அவரை உதக்க என்பார்கள். நெய்யைப் படுகு மொழியில் துப்ப என்பதும், மாவை ஹிட்டு என்பதும், பண்டிகைகளில் பொரித்தெடுக்கும் பண்டத்தைத் துப்பதிட்டு என்பதும் உங்களுக்கு இனிமேல் அடிக்கடி காதில் விழும் சொற்கள். இன்று பல வீடுகளில் அதை எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள் என்றாலும், பெயரில் நெய் நிலைத்துவிட்டது.

அந்தக் களியின் குழியில் இருந்த நெய்க்கு ஒரு பழைய கதையும் உண்டு. எருமைப் பாலே வாழ்வாகக் கொண்ட தோடர்கள் நெய்யைக் கொடுப்பதும், நிலத்தை உழுத படுகர்கள் தானியத்தைக் கொடுப்பதும், கோத்தர்கள் பானையும் இரும்புக் கருவியும் செய்து கொடுப்பதும், குறும்பர்கள் தேன் முதலிய காட்டுப் பொருள்களைக் கொண்டுவருவதுமாக, இந்த மலையில் பணமில்லாமலே ஒரு கொடுக்கல் வாங்கல் நெடுங்காலம் நடந்து, 1930-களோடு பெரும்பாலும் ஓய்ந்தது. தோடர்களிடம் பால்மனையே கோயில். கறப்பதும் கடைவதும் ஆண்களின் பொறுப்பு. அங்கே கடைந்த நெய், கோத்தர் வீட்டுப் பெண் வனைந்த பானையில் வந்து, படுகர் வீட்டு ராகியின்மேல் உருகியது என்று எண்ணிப் பார்க்கையில், ஒரு கவளத்துக்குப் பின்னால் எத்தனை அடுப்படிகள் இருந்திருக்கின்றன என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

களிக்கு ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீரில் உப்புப் போட்டு, ஒரு கைப்பிடி மாவை மட்டும் தனியாகக் கரைத்து அதில் ஊற்றி, நன்றாகத் தளதளவென்று கொதித்த பின் மீதி மாவைக் குவியலாக நடுவில் கொட்டுங்கள். உடனே கிளறாதீர்கள், புதிதாகச் செய்பவர்கள் கட்டி தட்டவிடுவது இங்கேதான். மூடி போட்டு, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் விடுங்கள். மலையில் தண்ணீரின் கொதி சூடு குறைவு என்பதால், கீழே ஐந்து நிமிடத்தில் வேகும் மாவுக்கு இங்கே இந்தக் கூடுதல் நேரம் தேவை. பிறகு இறக்கி, பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு மரக்கழியால் ஒரே போக்கில் கிளறுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. உருட்டி வைத்து, நடுவில் கட்டைவிரலால் குழித்து, நெய்யோ வெண்ணெயோ வையுங்கள். வெண்ணெய் வைத்தால், அது முழுவதும் உருகுவதற்கு முன்பே முதல் கவளத்தைப் பிட்டுக்கொள்வது நல்லது. பாதி உருகிய வெண்ணெயின் ருசி உருகிய நெய்க்கு வராது என்பது என் கட்சி.

பாத்திரத்துக்கு: நெய்க்கு நெய்யும், களிக்குக் களியும் திருப்பித் தருவது கடன் அடைப்பதுபோல் ஆகிவிடும். உங்கள் கொங்கு நாட்டு ஒப்புட்டை, கடலைப்பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டி, ஒவ்வொன்றின் மேலும் நெய் தடவி, நான்கு அடுக்கி அனுப்புங்கள். பருப்பைக் குக்கரில் வைக்கும்போது ஊரில் வைப்பதைவிடக் கால் பங்கு நேரம் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பூரணத்தில் அரைவேக்காட்டுப் பருப்பு பல்லில் தட்டும்.

கேள்வி: ‘மலை வெண்ணெய்’ பெங்களூருவரை போய் விற்றது என்று தாத்தா சொல்வார். இருந்திருக்குமா?
– குன்னூர் வாசகர்

பதில்: தாராளமாக. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு வெள்ளையர் குடியிருப்புகள் பெருகின. ரொட்டியும் வெண்ணெயும் இல்லாமல் காலை விடியாதவர்கள் அவர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் வெண்ணெய் கெடாமல் இருந்ததற்கு மலைக்குளிரே போதுமானதாக இருந்தது. 1905-இல் இந்த மலையில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியதுதான் பின்னால் பெயர்பெற்ற நீல்கிரிஸ் பால்பண்ணை. அது 1936-இல் பெங்களூரு பிரிகேடு சாலையில் கடை திறந்தது. உங்கள் தாத்தா சொன்னது அந்தக் காலத்து நினைவாக இருக்கலாம்.

கேள்வி: அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். தேங்காய் ரொட்டி சுட்டு, மேலே மாஜரின் தடவிக் கொடுப்பார். அவர் இப்போது இல்லை. நான் சுட்டால் ரொட்டி வறட்டியாகிவிடுகிறது. மாஜரினுக்குப் பதில் வெண்ணெய் சேர்த்தால் சரியாகுமா?
– கூடலூர் வாசகர்

பதில்: 1964-ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி, இந்த மலையின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களிலிருந்து இந்த ரொட்டியைப் பற்றி ஆண்டுக்கு ஒரு கடிதமாவது வந்துவிடுகிறது. மாஜரின் தாவர எண்ணெயை இறுக்கிச் செய்வது. விலை மலிவு, குளிரிலும் எளிதாகத் தடவ வரும். வெண்ணெயைத் தாராளமாகச் சேர்க்கலாம். சுவை கூடுமே தவிரக் குறையாது. ஆனால் உங்கள் ரொட்டி வறட்டியாவதற்குக் காரணம் கொழுப்பு அல்ல, தேங்காயாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு கப் கோதுமை மாவுக்கு ஒரு கப் நிறையப் புதிய தேங்காய்த்துருவல் வேண்டும். துருவலை உப்போடு சேர்த்து முதலில் மாவில் நன்றாகக் கசக்குங்கள். அதன் பால் மாவில் இறங்க வேண்டும். இளகிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துக் கசக்கிய பிறகே, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். அரை மணி நேரம் மூடிவைத்து, விரல் கனத்துக்குத் தட்டி, கனமான கல்லில் சிறு தீயில் பொறுமையாகச் சுடுங்கள். மெல்லியதாகத் தட்டினாலும் தீயைக் கூட்டினாலும் வறட்டிதான். கல்லிலிருந்து எடுத்தவுடன் மேலே வெண்ணெய் வைத்து, அடுத்த ரொட்டியை அதன்மேல் போட்டு மூடிவிட்டால், அடுக்கின் ஆவியே எல்லாவற்றையும் மெத்தென்று வைத்திருக்கும். தொட்டுக்கொள்ள, மிளகாயும் வெங்காயமும் சேர்த்து இடித்த கட்டச்சம்பல். சுவை வித்தியாசமாக இருக்கிறது என்று தோன்றினால், ஒரு ரொட்டிக்கு மட்டும் மாஜரினையே தடவிப் பாருங்கள். அம்மா கொடுத்தது அதுதானே.

கேள்வி: வெண்ணெய் முறுக்கு எண்ணெயில் போட்டதும் பிரிந்து உதிர்கிறது. அளவு சரியாகத்தான் போடுகிறேன்.
– குந்தா வாசகி

பதில்: அளவு சரியாக இருக்கலாம், வெண்ணெய் கெட்டியாக இருந்திருக்கும். நான்கு கப் அரிசி மாவு, அரைக் கப் பொட்டுக்கடலை மாவு, அரைக் கப் கடலை மாவு என்றால் 60 கிராம் வெண்ணெய் போதும். அதற்கு மேல் போனால் மாவின் பிடிப்பு விட்டுப்போகும். மலைக்குளிரில் வெண்ணெய் கட்டியாகவே மாவில் உட்கார்ந்துவிடுகிறது. பிழியும்போது தெரியாத அந்தக் கட்டி, எண்ணெயில் விழுந்ததும் உருகி ஓடி, அது இருந்த இடத்தில் முறுக்கு வாய் பிளந்து உடைகிறது. வெண்ணெயை உருக்காமல், கதகதப்பான இடத்தில் வைத்துக் குழைத்து, தண்ணீர் சேர்ப்பதற்கு முன்பே உலர்ந்த மாவில் விரல் நுனிகளால் தேய்த்துக் கலக்குங்கள். ஒரு பிடி மாவை இறுக்கினால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். உப்பிட்ட வெண்ணெயாக இருந்தால் மாவில் உப்பைக் குறைக்க மறவாதீர்கள்.

கேள்வி: மனைவி காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. பிள்ளைகள் வெளியூரில். இரவில் தனியாக எனக்கென்று அடுப்பு மூட்டவே மனம் வருவதில்லை. அவர் குளிர்காலத்தில் பூண்டும் வெண்ணெயும் சேர்த்து ஒரு கஞ்சி வைப்பார். எப்படி என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. எளிதாக இருந்தால் சொல்லுங்கள்.
– கொடைக்கானல் வாசகர்

பதில்: ஐயா, அவர் வைத்த கஞ்சி இதுதானா என்று என்னால் உறுதி சொல்ல இயலாது, பழனி மலை வீடுகளில் நான் சாப்பிட்டிருக்கும் கஞ்சியைச் சொல்கிறேன். வேலை குறைவு, பாத்திரம் ஒன்றே ஒன்று.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஊர் மலைப்பூண்டில் எட்டுப் பத்துப் பற்களை உரித்துக்கொள்ளுங்கள். அதன் காரம் தூக்கலாக இருக்கும். பச்சையாகப் போட்டால் தொண்டையைப் பிடிக்கும். சிறிய குக்கரில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயை இளக்கி, பூண்டை நசுக்காமல் முழுதாகவே போட்டு, மிகச் சிறிய தீயில் அது பொன்னிறத்துக்கு வரும்வரை புரட்டிக்கொண்டிருங்கள். வெண்ணெய் நுரைத்துக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. நுரை அடங்கியதும் கவனம் தேவை. பூண்டு தயாரானதும் ஒரு கைப்பிடி உடைத்த அரிசி, அரைக் கைப்பிடி பாசிப்பருப்பு, இரண்டு சிட்டிகை சீரகம், நான்கு டம்ளர் தண்ணீர், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து மூடிவிடுங்கள். உங்கள் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் குழையாது, குக்கர்தான் சரி. ஐந்து விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள். திறந்ததும் கரண்டியின் முதுகால் மசித்தால் பூண்டு தானே கரைந்துவிடும். தட்டிய மிளகு அரைக் கரண்டி.

கிண்ணத்தில் ஊற்றிய பிறகு, சிறு நெல்லிக்காய் அளவு வெண்ணெயை மேலே வையுங்கள். அதைக் கலக்கக் கூடாது. அது உருகி ஓரத்துக்கு வரும்போது அங்கிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

பூண்டை உரிப்பதுதான் சலிப்பூட்டும் வேலை. பகலில் வெயில் இருக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு வேண்டியதை உரித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால், இரவில் அடுப்பு மூட்டுவது அவ்வளவு பெரிய காரியமாகத் தோன்றாது. அவர் ஏதேனும் தாளித்துக் கொட்டியதாகவோ, தேங்காய்ப்பால் ஊற்றியதாகவோ சாப்பிடும்போது நினைவுக்கு வந்தால் எழுதுங்கள். அதற்கேற்ப முறையைத் திருத்தி அனுப்புகிறேன்.